ஒரே பெயர்ப்பட்டியல், இரண்டு வளாகம்: ஃப்ரீரேடியஸில் எல்டாப் வழியாக அனுமதி வழங்குவது எப்படி

சேலத்தில் கல்லூரி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் ஏற்காட்டில் அதே கல்லூரியின் பயிற்சி விடுதி. இரண்டுக்கும் நெட்வொர்க் பார்ப்பவன் நான் ஒருவன்தான். முன்பெல்லாம் விடுதி வைஃபையின் பாஸ்வேர்ட் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும். கோடை விழாவுக்கு மலையேறி வந்தவர்களின் போனிலெல்லாம் அது பதிந்துவிட்டது. மாற்றினால் வார்டன் அழைப்பார்: "சார், யாருக்கும் நெட் வரலீங்க, என்ன பண்ணட்டுங்க?"

பிறகு ஆளுக்கொரு யூசர் நேம் என்று மாறினோம். ஃப்ரீரேடியஸ் என்பது நெட்வொர்க்குக்குள் யாரை விடலாம் என்று முடிவெடுக்கும் ரேடியஸ் சர்வர் மென்பொருள். அந்தச் சர்வரில் ஒரு கோப்பு, அதில் பெயருக்கு ஒரு வரி. ஜூலையில் புது மாணவர்கள் சேர்ந்தால் வரிகள் கூடும். படிப்பு முடித்துப் போனவர்களின் வரிகளை யாரும் அழிக்க மாட்டார்கள், அழிக்க வேண்டிய நானும் அழிக்கவில்லை. இத்தனைக்கும் மெயிலுக்கும் லேப் கணினிகளுக்கும் ஏற்கெனவே ஓர் எல்டாப் டைரக்டரி, அதாவது ஆட்களின் பெயர்ப்பட்டியலை வைத்திருக்கும் சர்வர், ஓடிக்கொண்டிருந்தது. யார் சேர்ந்தார், யார் போனார் என்பதை அலுவலகம் அதில் ஒழுங்காகப் பதிந்தும் வந்தது. அந்தப் பட்டியலையே வைஃபைக்கும் எடுத்துக்கொண்ட கதைதான் இந்த வழிகாட்டி.

இங்கே சொல்வது ஃப்ரீரேடியஸ் 3 வரிசைப் பதிப்புகளுக்கும், எல்டாப் சர்வர் மென்பொருளான ஓப்பன்எல்டாப்புக்கும். உபுண்டு, டெபியனில் அமைப்புக் கோப்புகள் 'ஈடிசி' கோப்புறைக்குள் 'ஃப்ரீரேடியஸ்', அதற்குள் '3.0' என்ற இடத்தில் இருக்கும். ரெட்ஹேட் குடும்பத்தில் 'ராட்டிபி' என்ற கோப்புறை. கட்டளைப் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேட்டில் ஒரு கேள்வி, ஸ்டோரில் ஒரு கேள்வி

சேர்வராயன் மலையில் ஏதாவது ஒரு காபி எஸ்டேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் வாட்ச்மேன் கேட்பது "யாருப்பா நீ?" என்ற கேள்வி. உள்ளே போய் உரமும் மருந்தும் வைத்திருக்கும் ஸ்டோரைத் திறக்கப் போனால் கேட்பது வேறு கேள்வி: "இதைத் திறக்க உனக்கு யார் சொன்னது?" முதல் கேள்வி அடையாளத்தைப் பற்றியது, அத்தெண்டிகேஷன். இரண்டாவது உரிமையைப் பற்றியது, ஆத்தரைசேஷன். இரண்டுக்கும் பதில் தேடி எஸ்டேட் கணக்கரான ரைட்டர் புரட்டுவது ஒரே செக்ரோலைத்தான், அதாவது ஆள் பதிவேட்டைத்தான். ஆனால் செக்ரோல் தானாக எழுந்து போய் எந்தக் கதவையும் திறக்காது. அதைப் படித்துப் பார்த்து முடிவெடுக்க ஓர் ஆள் வேண்டும்.

எல்டாப் அந்தச் செக்ரோல். ரேடியஸ் சர்வர் அந்த ஆள். இரண்டும் ஒன்றுக்காக ஒன்று செய்யப்பட்டவையும் அல்ல. ரேடியஸ் 1991இல் லிவிங்ஸ்டன் என்ற நிறுவனத்தில் டயல்-அப் இணைப்புகளுக்காகப் பிறந்தது. எல்டாப் 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து வைக்கிறோம். யார் என்ன வேலை செய்வார் என்பதை முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

நான் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. இன்னார் இந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று மட்டும் டைரக்டரி சொல்லும். அந்தக் குழுவுக்கு எந்த வீலேன் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதி), எத்தனை மணி நேரம் என்பதை ரேடியஸ் சர்வர் முடிவு செய்யும். சர்வரின் கோப்புகளில் ஒரு மனிதரின் பெயர்கூட இருக்கக் கூடாது. டைரக்டரியில் ஒரு வீலேன் எண்கூட இருக்கக் கூடாது. எல்டாப் பதிவிலேயே வீலேன் எண்ணை எழுதி அதை நேரே பதிலில் அனுப்பவும் ஃப்ரீரேடியஸ் இடம் தருகிறது. செய்யாதீர்கள். சுவிட்ச் மாற்றும் அன்று ஆயிரம் பதிவுகளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

முதலில் பாஸ்வேர்ட் எந்த உருவத்தில் வருகிறது என்று பாருங்கள்

அனுமதி பற்றிய வழிகாட்டியில் பாஸ்வேர்ட் பேச்சு எதற்கு என்று தோன்றும். இதைத் தாண்டிப் போனவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

வைஃபையில் பரவலாக இருக்கும் உள்நுழைவு முறை பீப் வழியே எம்எஸ்சாப் இரண்டாம் பதிப்பு. இதில் போன் பாஸ்வேர்டை அனுப்புவதில்லை. அதைக் கொண்டு கணக்கிட்ட ஒரு விடையைத்தான் அனுப்பும். அந்த விடையைச் சரிபார்க்க சர்வரிடம் பாஸ்வேர்டின் மூலவடிவமோ, என்டி ஹேஷோ இருந்தாக வேண்டும். (ஹேஷ் என்பது பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாதபடி கணக்கிட்டு மாற்றிய உருவம். என்டி ஹேஷ் விண்டோஸ் பாணி.) ஓப்பன்எல்டாப்பில் வழக்கமாக இருப்பதோ 'உப்பு', அதாவது தற்செயல் எழுத்துகள், சேர்த்த எஸ்எஸ்எச்ஏ ஹேஷ். இந்த இரண்டும் எந்தக் காலத்திலும் பொருந்தாது. அமைப்புக் கோப்பில் எந்த வரியை மாற்றினாலும் பொருந்தாது, கணக்கு அப்படி.

இன்னொரு வழி டிடிஎல்எஸ், உள்ளே பேப். போனும் ரேடியஸ் சர்வரும் முதலில் ஒரு டிஎல்எஸ் சுரங்கம், அதாவது மறைகுறியாக்கிய பாதை, அமைத்துக்கொள்ளும்; அதற்குள் பாஸ்வேர்ட் அப்படியே வரும், பேப் என்பது அதுதான். கையில் பாஸ்வேர்ட் கிடைத்துவிட்டதால், டைரக்டரியில் எந்த ஹேஷ் இருந்தாலும் சரிபார்க்கலாம். விண்டோஸ் 8 முதல் இது உள்ளமைந்தே வருகிறது. ஆண்ட்ராய்டிலும் ஆப்பிளிலும் உண்டு. நான் இதையே தேர்ந்தெடுத்தேன்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சுரங்கத்தின் மறுமுனையில் இருப்பது நம் சர்வர்தானா என்று போன் சரிபார்க்காவிட்டால், ஏற்காடு ஏரிக்கரையில் அதே பெயரில் ஒருவன் போலி வைஃபை வைத்து எல்லோருடைய பாஸ்வேர்டையும் அள்ளிக்கொண்டு போவான். எனவே போனில் சிஏ சான்றிதழும் (சர்வரின் சான்றிதழுக்குக் கையெழுத்திட்டவருடையது) சர்வரின் டொமைன் பெயரும் கட்டாயம் பதியப்பட வேண்டும். பல புதிய ஆண்ட்ராய்டு போன்களில் சரிபார்க்காமல் விடும் தேர்வையே எடுத்துவிட்டார்கள். நல்லதுதான்.

பாஸ்வேர்டைச் சரிபார்ப்பதிலும் இரண்டு முறை இருக்கிறது. டைரக்டரியிலிருந்து ஹேஷை வாங்கி ரேடியஸ் சர்வரே ஒப்பிடலாம். அல்லது அந்தப் பயனரின் பெயரிலேயே டைரக்டரிக்குள் நுழைந்து பார்க்கலாம். பைண்ட் என்பது இதுதான், நுழைய முடிந்தால் பாஸ்வேர்ட் சரி. நான் பைண்டின் பக்கம். ஹேஷ் டைரக்டரியை விட்டு வெளியே வராது. தப்புத் தப்பாகப் பாஸ்வேர்ட் போட்டால் கணக்கைப் பூட்டும் டைரக்டரியின் சொந்தக் கட்டுப்பாடும் வேலை செய்யும். ஆனால் பீப் பயன்படுத்துவோருக்கு பைண்ட் உதவாது, அங்கே பாஸ்வேர்டே கையில் வருவதில்லை.

படி 1: டைரக்டரியைத் தயார் செய்தல்

ஆட்களுக்கு ஒரு கிளை, குழுக்களுக்கு ஒரு கிளை என்று பிரித்துக்கொள்ளுங்கள். நான் 'பீப்பிள்', 'குரூப்ஸ்' என்று வைத்திருக்கிறேன். குழுக்கள் நான்கு: 'நெட்-ஸ்டாஃப்', 'நெட்-ஸ்டூடண்ட்', 'நெட்-ஹாஸ்டல்', 'நெட்-லேப்'. முன்னால் 'நெட்' போட்டதற்குக் காரணம் உண்டு. மெயிலுக்கு ஏற்கெனவே 'ஸ்டாஃப்' என்று ஒரு குழு இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள். மெயில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அலுவலக வீலேனில் அவர்களுக்கு என்ன வேலை? ஒரு தேவைக்கு உண்டான குழுவை இன்னொரு தேவைக்கு இரவல் வாங்கினால், பட்டியலைப் பராமரிப்பவருக்கே தெரியாமல் கதவுகள் திறந்துகொள்ளும்.

குழுவின் வகையாக 'குரூப்ஆஃப்நேம்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். இதில் குறைந்தது ஓர் உறுப்பினராவது இருந்தாக வேண்டும், காலிக் குழுவை எல்டாப் ஏற்காது. அடுத்து 'மெம்பர்ஆஃப்' என்ற ஓவர்லேயை (ஓப்பன்எல்டாப்பின் கூடுதல் செருகி) இயக்குங்கள். குழுவில் ஒருவரைச் சேர்த்தால், அவருடைய பதிவிலும் அந்தக் குழுவின் பெயர் தானாக ஏறிவிடும். ரேடியஸ் சர்வர் ஆளின் பதிவை ஒருமுறை படித்தாலே அவர் எந்தெந்தக் குழு என்று தெரிந்துவிடும்.

இங்கே இரண்டு பள்ளங்கள். ஓவர்லேயை இயக்கும் முன்பே இருந்த குழுக்களுக்கு அது வேலை செய்யாது. உறுப்பினர்களை எடுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். இன்னொன்று, 'மெம்பர்ஆஃப்' ஒரு செயல்பாட்டுப் பண்பு என்பதால் சாதாரணத் தேடலில் கண்ணுக்குத் தெரியாது. பெயர் சொல்லிக் கேட்டால்தான் காட்டும். "ஓவர்லே ஓடவில்லை" என்று முடிவுகட்டி ஒரு மாலை முழுக்க அதைக் கழற்றி மாட்டியவன் நான்.

பிறகு ரேடியஸ் சர்வருக்கென்று தனியாக ஒரு கணக்கு. அது பீப்பிள் கிளையில் யூசர் நேமையும் மெம்பர்ஆஃபையும் படிக்கலாம், குரூப்ஸ் கிளையைப் படிக்கலாம். வேறு எதையும் படிக்கக் கூடாது, எழுதவே கூடாது. டைரக்டரியின் அட்மின் கணக்கை இங்கே கொடுத்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ரேடியஸ் சர்வர் ஒன்று கைவிட்டுப் போனால் மொத்த டைரக்டரியும் போனது என்று பொருள். யூசர் நேமுக்கும் 'மெம்பர்'க்கும் இண்டெக்ஸ் போட்டுவிடுங்கள், காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வரும்போது அதன் அருமை தெரியும்.

படி 2: ஃப்ரீரேடியஸைத் தொடும் முன் ஒரு சோதனை

ரேடியஸ் சர்வர் இயந்திரத்திலிருந்தே, அந்தத் தனிக் கணக்கின் பெயரில், 'எல்டாப்சர்ச்' கட்டளையை ஓட்டுங்கள். ஒரு மாணவரின் யூசர் நேமைத் தேடி, 'மெம்பர்ஆஃப்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அவருடைய முழுப் பெயர்வழியும் (டிஎன், டைரக்டரியில் அவர் இருக்கும் முகவரி) குழுக்களும் வர வேண்டும். வரவில்லையென்றால் இங்கேயே நில்லுங்கள். ஃபயர்வாலா, சான்றிதழா, படிக்கும் உரிமையா என்று இங்கே கண்டுபிடிப்பது எளிது. ஃப்ரீரேடியஸுக்குள் போய்விட்டால் இதே பிழை மூன்று போர்வை போர்த்திக்கொண்டு வரும்.

சோதனையை மறைகுறியாக்கிய இணைப்பிலேயே செய்யுங்கள். 636 போர்ட்டில் எல்டாப்ஸ், அல்லது 389இல் தொடங்கி ஸ்டார்ட்டிஎல்எஸ். இரண்டில் ஒன்று போதும். எல்டாப்ஸ் வைத்துவிட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸையும் இயக்கினால் இணைப்பே வராது. சர்வரை ஐபி எண்ணால் அழைக்காமல் பெயரால் அழையுங்கள். சான்றிதழில் இருப்பது பெயர்தான்.

படி 3: எல்டாப் மாட்யூலை இயக்குதல்

டெபியனில் 'ஃப்ரீரேடியஸ்', 'ஃப்ரீரேடியஸ்-எல்டாப்', 'ஃப்ரீரேடியஸ்-யுடில்ஸ்' மூன்று பொதிகளையும் நிறுவுங்கள். எல்டாப் தனிப் பொதி என்பதை மறந்துவிட்டு மாட்யூலைத் தேடுவோர் உண்டு. 'மாட்ஸ்-அவைலபிள்' கோப்புறையில் 'எல்டாப்' என்று ஒரு கோப்பு இருக்கும். அதற்கு 'மாட்ஸ்-எனேபிள்டு' கோப்புறையில் ஒரு சிம்பாலிக் லிங்க் போட்டால் மாட்யூல் உயிர்பெறும்.

கோப்பைத் திறந்தால் நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். தொட வேண்டியவை கொஞ்சம்தான். 'சர்வர்' என்பதில் எல்டாப்ஸ் முகவரி. 'ஐடென்டிட்டி', 'பாஸ்வேர்ட்' இரண்டிலும் அந்தத் தனிக் கணக்கு. 'பேஸ்_டிஎன்' உங்கள் டைரக்டரியின் வேர்.

'அப்டேட்' பகுதியில் 'பாஸ்வேர்ட்-வித்-ஹெடர்' என்று ஒரு வரி இருக்கும், டைரக்டரியிலிருந்து ஹேஷை வாங்கும் வரி. நாம் பைண்ட் செய்யப் போவதால் அதன் முன்னால் கருத்துக்குறி (#) போட்டு மூடிவிடுங்கள்.

'யூசர்' பகுதியில் தேடும் இடத்தைப் பீப்பிள் கிளைக்குச் சுருக்குங்கள். வடிகட்டி ஏற்கெனவே சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கும்: டொமைன் வால் நறுக்கிய பெயர் இருந்தால் அதை எடு, இல்லாவிட்டால் வந்த பெயரையே எடு. இதே பகுதியில் 'ஆக்சஸ்_அட்ரிபியூட்' என்று ஒன்று உண்டு. அதில் ஒரு பண்பின் பெயரைக் கொடுத்து 'ஆக்சஸ்_பாசிட்டிவ்' என்பதை 'எஸ்' ஆக்கினால், அந்தப் பண்பு இல்லாத ஆளைக் கணக்கு பூட்டியது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். நெட்டுக்கு உரியவர், உரியவர் அல்லாதவர் என்று இரண்டே பிரிவு உள்ள சிறிய அலுவலகத்துக்கு இதுவே போதும், குழுவே வேண்டாம்.

'குரூப்' பகுதியில் தேடும் இடம் குரூப்ஸ் கிளை, வகை 'குரூப்ஆஃப்நேம்ஸ்', பெயருக்கான பண்பு 'சிஎன்', 'மெம்பர்ஷிப்_அட்ரிபியூட்' என்பதில் 'மெம்பர்ஆஃப்'.

'டிஎல்எஸ்' பகுதியில் சிஏ கோப்பின் இடத்தைக் காட்டி, 'ரிக்வயர்_செர்ட்' என்பதை 'டிமாண்ட்' ஆக்குங்கள். சோதனைக்காக 'நெவர்' போட்டுவிட்டு அப்படியே மறந்துபோவது எல்லோரும் செய்வது.

ஓர் எச்சரிக்கை. இரண்டு டைரக்டரிகளுக்காக மாட்யூலுக்குத் தனிப்பெயர் வைத்தால், குழு ஒப்பீட்டின் பெயரும் மாறும். மாட்யூலுக்கு 'மலை' என்று பெயரிட்டால், 'எல்டாப்-குரூப்' என்று எழுதிய இடங்களில் 'மலை-எல்டாப்-குரூப்' என்று எழுத வேண்டும்.

படி 4: எந்த சைட்டில் எழுதுவது

என் கை சுட்டது இங்கேதான். ஃப்ரீரேடியஸில் 'டிஃபால்ட்', 'இன்னர்-டனல்' என்று இரண்டு மெய்நிகர் சர்வர்கள் தயாராக வரும், சைட் என்பது இவற்றைத்தான். போன் அனுப்புவது முதலில் 'டிஃபால்ட்'டுக்கு வரும். சுரங்கத்துக்குள் இருப்பதைப் பிரித்து 'இன்னர்-டனல்'லுக்குக் கொடுப்பார்கள். குழு விதிகளை நான் வெளியே, 'டிஃபால்ட்'டில் எழுதினேன். எந்தக் குழுவிலும் இல்லாதவர் விருந்தினர் வீலேனுக்குப் போகட்டும் என்று கடைசியில் ஒரு வரியும் போட்டேன். மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து அழைப்பு: "சார், நெட் வருதுங்க, ஆனா பிரிண்டர் ஒண்ணும் தெரியலீங்க." அடுத்து முதல்வர் அறையிலிருந்து. அடுத்து லேபிலிருந்து. கல்லூரியே விருந்தினராகிவிட்டது.

காரணம் எளிது. டிடிஎல்எஸ்ஸில் வெளியே தெரியும் பெயர் உண்மைப் பெயராக இருக்க வேண்டியதில்லை. 'அனானிமஸ்' என்று வைக்கச் சொல்லி நானேதான் எல்லோருக்கும் குறிப்பு அனுப்பியிருந்தேன், வழியில் யாரும் பெயரைப் பார்க்கக் கூடாது என்பதற்காக. அனானிமஸ் எந்தக் குழுவில் இருப்பார்? உண்மைப் பெயர் தெரிவது சுரங்கத்துக்குள் மட்டும். ஆகவே எல்டாப்பைக் கூப்பிடுவதும் குழு பார்ப்பதும் 'இன்னர்-டனல்'லில்.

அதன் 'ஆத்தரைஸ்' பகுதியில் எல்டாப் என்ற வரி முன்னால் ஒரு சிறுகோட்டுடன் இருக்கும். மாட்யூல் இல்லாவிட்டால் சத்தம் போடாமல் போய்விடு என்பது அந்தக் கோட்டின் பொருள். கோட்டை எடுத்துவிடுங்கள், மாட்யூல் இல்லாவிட்டால் சர்வர் கத்தட்டும். அதற்குக் கீழே ஒரு நிபந்தனை: எல்டாப் ஆளைக் கண்டுபிடித்தது, கையில் பாஸ்வேர்ட் இருக்கிறது, வேறு சரிபார்ப்பு முறை இன்னும் குறிக்கப்படவில்லை என்றால் 'ஆத்-டைப்'பை எல்டாப் ஆக்கு. இந்த நிபந்தனையின் மாதிரி, பதிப்பைப் பொறுத்து, இந்தக் கோப்பிலோ 'டிஃபால்ட்' கோப்பிலோ கருத்துக்குறிக்குள் இருக்கும். 'அத்தெண்டிகேட்' பகுதியிலும் எல்டாப் கட்டத்தின் கருத்துக்குறிகளை எடுங்கள்.

படி 5: குழுவை வீலேனாக மொழிபெயர்த்தல்

விதிகளுக்கு உரிய இடம் 'இன்னர்-டனல்'லின் 'போஸ்ட்-ஆத்' பகுதி. பாஸ்வேர்ட் சரியென்று ஆன பிறகு ஓடும் பகுதி அது. 'எல்டாப்-குரூப்' 'நெட்-லேப்'புக்குச் சமமா? ஆம் என்றால் பதிலில் மூன்று பண்புகளைச் சேர்: 'டனல்-டைப்' வீலேன் (எண்ணில் 13), 'டனல்-மீடியம்-டைப்' ஐஇஇஇ-802 (எண்ணில் 6), 'டனல்-பிரைவேட்-குரூப்-ஐடி' அந்த வீலேனின் எண். லேபுக்கு 50, அலுவலகத்துக்கு 20, விடுதிக்கு 40, மாணவர்களுக்கு 30 என்று வைத்துக்கொண்டேன். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் பெரும்பாலான ஆக்சஸ் பாயிண்டுகள் மற்ற இரண்டையும் கண்டுகொள்ளாது.

வரிசை முக்கியம். 'இஃப்', 'எல்ஸ்இஃப்' என்று அடுக்கினால் முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் மாணவர் குழுவிலும் இருப்பார், வகுப்பெடுப்பதால் பணியாளர் குழுவிலும் இருப்பார். எந்த வீலேன் அவருக்கு? அந்தத் தீர்ப்பை வரிசைதான் எழுதுகிறது. குறுகிய குழுவை மேலே, பரந்த குழுவைக் கீழே வையுங்கள்.

கடைசியாக வரும் 'எல்ஸ்'ஸில் ஒரே சொல்: 'ரிஜெக்ட்'. விருந்தினர் வீலேனை அங்கே வைக்காதீர்கள். விருந்தினருக்குத் தனியாகக் குழுவோ தனி வைஃபையோ வையுங்கள். இதற்கு என் பழைய அனுபவம் மட்டும் காரணமில்லை. குழுவைப் பார்க்கப் போகும் அந்த நொடியில் டைரக்டரி பதில் தராவிட்டால், ஃப்ரீரேடியஸ் 3 அந்த ஒப்பீட்டைப் 'பொருந்தவில்லை' என்றே எடுத்துக்கொள்கிறது. 'இந்த ஆள் குழுவில் இல்லை' என்பதும் 'எனக்குத் தெரியவில்லை' என்பதும் அதற்கு ஒன்றுதான்.

இதிலிருந்து ஒன்று புரியும். 'தடை செய்யப்பட்டோர்' என்று ஒரு குழு வைத்து, அதில் இருந்தால் மறு, இல்லாவிட்டால் விடு என்று எழுதுவது ஆபத்து. டைரக்டரி மூச்சடைத்த நேரம் பார்த்துத் தடை செய்யப்பட்டவர் உள்ளே வந்துவிடுவார். ஒருவரை நிறுத்த வேண்டுமா, அனுமதிக் குழுவிலிருந்து எடுங்கள்.

விதிகளுக்குக் கீழே, அதே 'போஸ்ட்-ஆத்'தில், 'இஃப்' பூஜ்யம் என்று தொடங்கும் ஒரு கட்டம் இருக்கும். பூஜ்யத்தை ஒன்றாக்குங்கள். உள்ளே தயாரான பதிலை வெளிச் சுரங்கத்துக்கு எடுத்துச்செல்வது இதுதான். இதை மறந்தால் உள்நுழைவு நடக்கும், ஆனால் வீலேன் எண் ஆக்சஸ் பாயிண்டுக்குப் போய்ச் சேராது. உங்கள் விதிகள் இந்தக் கட்டத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். கீழே எழுதினால் வண்டி கிளம்பிய பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதை.

படி 6: ஆக்சஸ் பாயிண்டுகளும் ரகசியச் சொல்லும்

'கிளையண்ட்ஸ்' கோப்பில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஆக்சஸ் பாயிண்டுக்கும், அல்லது அவை இருக்கும் சப்நெட்டுக்கும், ஒரு பதிவு. மலைக்கு ஒரு ரகசியச் சொல், கீழே வேறொன்று. நீளமாக, தற்செயல் எழுத்துகளாக. மாதிரியாக வரும் 'டெஸ்டிங்123' உள் முகவரியைத் தாண்டி எங்கும் இருக்கக் கூடாது. போர்ட்டுகள் யுடிபி 1812, கணக்கெடுப்புக்கு 1813. பழைய கருவிகள் 1645, 1646 என்று பிடிவாதம் பிடிக்கும்.

2024 ஜூலையில் பிளாஸ்ட்ரேடியஸ் என்ற குறைபாடு வெளியானது. நடுவில் இருப்பவர் மறுப்புப் பதிலை அனுமதிப் பதிலாக மாற்றிவிட வழி செய்யும் குறை அது. ஈஏபி (பீப், டிடிஎல்எஸ் இரண்டும் இதன் வகைகள்) வழியே நடக்கும் வைஃபை உள்நுழைவில் 'மெசேஜ்-அத்தெண்டிகேட்டர்' என்ற சரிபார்ப்பு முத்திரை கட்டாயம் என்பதால் அங்கே தப்பித்தோம். சுவிட்சுகளில் அட்மின் நுழைவதற்கு வெறும் பேப் வைத்திருந்தால் தப்பவில்லை. ஃப்ரீரேடியஸைப் புதுப்பித்து, கிளையண்ட் பதிவில் 'ரிக்வயர்_மெசேஜ்_அத்தெண்டிகேட்டர்' என்பதை 'எஸ்' ஆக்குங்கள். மிகப் பழைய சுவிட்ச் இருந்தால் அதன் ஃபர்ம்வேரையும் பார்த்துவிட்டு.

படி 7: சோதனை

சர்வீஸை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் போர்ட் பிடிபட்டிருக்கும், சோதனை ஓட்டம் தொடங்காது. பிறகு 'ஃப்ரீரேடியஸ்' கட்டளையைப் பெரிய 'எக்ஸ்' தேர்வுடன் ஓட்டுங்கள். திரை முழுக்க எழுத்து ஓடும். இதைப் பொறுமையாக மேலிருந்து கீழே படிப்பவருக்கு வேறு யார் உதவியும் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

இன்னொரு முனையத்தில் 'ராட்டெஸ்ட்'. வெளி சைட்டுக்கு அனுப்பாமல், உள் முகவரியில் 18120 போர்ட்டுக்கு அனுப்புங்கள். 'இன்னர்-டனல்' நேரடியாகக் காதுகொடுக்கும் போர்ட் அது. இந்தச் சோதனை நேரத்துக்கு மட்டும் படி 5இன் 'இஃப்' கட்டத்தைப் பூஜ்யத்தில் வைத்தால், சான்றிதழ்த் தொல்லை இல்லாமல் குழு விதிகளை மட்டும் சோதிக்கலாம். குழுவுக்கு ஒருவர், எந்தக் குழுவிலும் இல்லாத ஒருவர், இரண்டு குழுவில் இருப்பவர், தப்பான பாஸ்வேர்ட் என்று எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். பதிலில் அந்த மூன்று டனல் பண்புகளும் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். அதன்பிறகு டைரக்டரியை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு ஒருமுறை. அப்போது எல்லோருக்கும் மறுப்பு வர வேண்டும். முழுச் சுரங்கத்தையும் சோதிக்க 'ஈபோல்_டெஸ்ட்' இருக்கிறது. அது முடிந்த பிறகுதான் போனைக் கையில் எடுப்பேன்.

படி 8: மலைக்கு ஒரு நகல்

எங்கள் விடுதிக்கும் சேலத்துக்கும் இடையே ஒரே ஒரு வயர்லெஸ் இணைப்பு. மழை நாளில் மேலே மின்சாரம் போகும், கீழே போகும், சில நாள் இரண்டும் போகும். ஆகவே மேலேயே ஒரு சிறிய இயந்திரத்தில் ஃப்ரீரேடியஸும் ஓப்பன்எல்டாப் நகலும் வைத்தேன். 'சிங்க்ரெப்ல்' வழியே கீழே நடக்கும் மாற்றங்கள் மேலே வந்துகொண்டிருக்கும். இணைப்பு அறுந்தால் கடைசியாக வந்த பட்டியலை வைத்து விடுதி ஓடும். அமைப்புக் கோப்புகள் இரண்டிலும் ஒன்றேதான், எல்டாப் சர்வரின் பெயர் மட்டும் வேறு.

இங்கே ஒரு நுணுக்கம். எல்டாப் மாட்யூலின் 'பூல்' பகுதியில் 'ஸ்டார்ட்' என்ற எண், தொடக்கத்திலேயே எத்தனை இணைப்புகள் திறக்க வேண்டும் என்பது. அது பூஜ்யமாக இல்லாவிட்டால், டைரக்டரி எழுந்திருக்காத நேரத்தில் ஃப்ரீரேடியஸும் எழ மறுக்கும். மின்சாரம் வந்து எல்லாம் ஒன்றாக எழும்போது யார் முதலில் எழுவார் என்று சொல்ல முடியாது. பூஜ்யமாக்கிவிடுங்கள். 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சில நொடிகளாகக் குறையுங்கள். நகல் பதில் தராதபோது கீழே உள்ளதைக் கேட்க, 'ரிடண்டண்ட்' கட்டத்துக்குள் இரண்டு எல்டாப் மாட்யூல்களை வைக்கலாம். அப்போது தனிப்பெயர் விஷயத்தை நினைவில் கொள்ளுங்கள்.

படி 9: குழுவிலிருந்து எடுத்தவர் எப்போது வெளியே போவார்

ஒருவரைக் குழுவிலிருந்து எடுத்தீர்கள். அவர் போனில் நெட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ரேடியஸ் நுழையும்போதுதான் கேட்கிறது. உள்ளே இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எனவே பதிலில் 'செஷன்-டைம்அவுட்' சேர்த்துவிடுங்கள். நான் 14400 நொடிகள், அதாவது நான்கு மணி நேரம் வைத்திருக்கிறேன். கூடவே 'டெர்மினேஷன்-ஆக்ஷன்' என்பதை 'ரேடியஸ்-ரிக்வெஸ்ட்' ஆக்கினால், நேரம் முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்காமல் மறுபடி ஒருமுறை கேட்டுக்கொள்ளும். உடனே வெளியேற்ற வேண்டியவருக்கு, ஆக்சஸ் பாயிண்ட் ஏற்றால், 3799 போர்ட்டில் துண்டிப்புச் செய்தி அனுப்பலாம்.

வேகத்துக்காக ஈஏபி மாட்யூலில் டிஎல்எஸ் செஷன் கேஷைத் திறந்து வைப்பவர்கள் கவனிக்க: மீண்டும் வரும் போன் பழைய செஷனைத் தொடர்ந்தால் 'இன்னர்-டனல்' ஓடாது, குழு விதியும் ஓடாது. திறந்தால் அதன் ஆயுளைச் சுருக்கமாக வையுங்கள்.

ஆக்டிவ் டைரக்டரி வைத்திருப்பவர்களுக்கு

ஆக்டிவ் டைரக்டரி மைக்ரோசாஃப்டின் டைரக்டரி. விதிகள் இவையே, சில பெயர்கள்தான் வேறு. வடிகட்டியில் 'எஸ்ஏஎம்அக்கவுண்ட்நேம்'. முடக்கிய கணக்குகளும் தேடலில் வரும் என்பதால் 'யூசர்அக்கவுண்ட்கண்ட்ரோல்' பண்பில் 2 என்ற பிட்டைப் பார்த்து விலக்குங்கள். 'மெம்பர்ஆஃப்' பண்பில் பிரைமரி குழு வராது. 'டொமைன் யூசர்ஸ்' குழுவைச் சோதித்துவிட்டு ஏன் யாரும் அதில் இல்லை என்று திகைக்காதீர்கள். குழுவுக்குள் குழு இருந்தால் உள்ளே இருப்பதும் தானாக வராது, 1.2.840.113556.1.4.1941 என்ற பொருத்த விதியைத் தேடல் வடிகட்டியில் சேர்க்க வேண்டும். பாஸ்வேர்ட் ஹேஷை எல்டாப் வழியே ஆக்டிவ் டைரக்டரி யாருக்கும் தராது. பீப் வேண்டுமென்றால் சாம்பாவை நிறுவி இயந்திரத்தை டொமைனில் சேர்த்து, 'என்டிஎல்எம்_ஆத்' வழியே போக வேண்டும். அது தனி வேலை, ஒரு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

சோதனை ஓட்டத்தை நிறுத்தி சர்வீஸை இயக்குங்கள். இயந்திரம் மறுபடி எழும்போது தானாகத் தொடங்குமாறு வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். எல்டாப் மாட்யூல் கோப்பில் தனிக் கணக்கின் பாஸ்வேர்ட் வெட்டவெளியாக இருக்கிறது; அந்தக் கோப்பை ஃப்ரீரேடியஸ் பயனரைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி உரிமைகளை மாற்றுங்கள். சோதனைத் திரையில் ஓடியதை உதவி கேட்டு வாட்ஸ்அப் குழுவில் அப்படியே ஒட்டாதீர்கள். பதிப்பைப் பொறுத்து, பேப்பில் வந்த பாஸ்வேர்டுகள் அதில் எழுத்துக்கு எழுத்து இருக்கும். ஒருமுறை நான் ஒட்டினேன். அந்த வரி என்னுடைய பாஸ்வேர்டாகப் போனது நல்லதாயிற்று. அன்றே மாற்றினேன். ஒரு நிமிட வேலை, டைரக்டரியில் ஒரே இடத்தில்.